குத்தூசி

அடிவாரச் சாவடியில் எனக்குக் கொடுத்தது
ஒரு ஸ்டூல், ஒரு அரிக்கேன் விளக்கு,
முழ நீளத்தில் ஒரு குத்தூசி.
நடுவில் பள்ளம் ஓடும் இரும்பு.
சாக்கில் இறக்கி இழுத்தால்
உள்ளே இருப்பதில் ஒரு சிட்டிகை
வெளியே வந்து சாட்சி சொல்லும்.

எழுபத்தாறு, தை மாதம்.
கடைசி வளைவு இறங்கி மூச்சிரைத்து நின்ற பஸ்ஸில்
நாகலூர் காத்தாயி, ஒரு சாக்கு ஆரஞ்சு.
குத்தினேன்.
தோல், சாறு,
அதற்கும் கீழே காப்பிக்கொட்டை.
ஆறு கிலோ. செவ்வாய்ப்பேட்டையில்
வறுத்து அரைக்கிற ஒருவருக்கு.
"போர்டுக்குப் போடாம விக்கிறது குத்தம்."
"செடி யாரோடது?"
"உன்னோடது."
"பறிச்ச கை?"
"உன்னோடது."
"அப்புறம் கொட்டை மட்டும் எப்படிய்யா
பெங்களூரோடது ஆச்சு?"
படிவத்தில் அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை.
'பறிமுதல்' என்று எழுதினேன்.
கையெழுத்து அன்று நன்றாக வந்திருந்தது.

மறுவாரம் அதே பஸ். கூடவே ஒரு போலீஸ்காரர்.
"அந்த மூட்டையையும் குத்துங்க."
கேழ்வரகு என்றான் பையன்.
கேழ்வரகுதான். அதோடு பள்ளத்தில்
ஒட்டிக்கொண்டு வந்தது ஒரு காகிதத் துணுக்கு.
'தலை' என்று மட்டும் இருந்தது.
விடுதலையோ, தறுதலையோ.
அச்சுக்கோக்கிற பையன், லூர்துநாதன்.
பிடரியில் இரண்டு அடி. ஜீப்.
ஊசியைத் துடைத்துக்கொண்டு
அடுத்த சாக்குக்குப் போனேன்.
இரும்புக்கு எழுத்தும் ஒன்று, கொட்டையும் ஒன்று.
அன்றிரவு தூக்கம் வரவில்லை என்றால்
கேட்க நன்றாக இருக்கும்.
தூங்கினேன்.

எழுபத்தேழில் ஓட்டு வந்தது.
லூர்துநாதன் வந்தான். அவன் நோட்டீஸ்
பஸ் கூரையில் கட்டுக் கட்டாய் ஏறிப் போனது,
மந்திரிகளைப் பேர் சொல்லித் திட்டிக்கொண்டு.
நானும் ஒன்று கேட்டு வாங்கினேன்.
காத்தாயியின் சாக்கை மட்டும்
இன்னும் பதினைந்து வருஷத்துக்கு மேல் குத்தினேன்.
"வாயத் தொறந்து விட்டீங்க.
சாக்கு என்னய்யா பாவம் பண்ணுச்சு?"
ஒவ்வொரு தையிலும் கேட்பாள்.

பிறகொரு நாள் ஒற்றைத் தாளில் உத்தரவு.
மேலே போன கம்பம் இறங்கவில்லை.
அவள் பட்டப்பகலில் திறந்த கூடையோடு வந்து
பஸ்ஸை நிறுத்தச் சொல்லி
என் மேஜைமேல் ஒரு பிடி கொட்டிவிட்டுப் போனாள்.
இனாமா, ஏளனமா, தெரியவில்லை.
வறுத்துக் குடித்தோம்.

நான் ஓய்வு பெற்றபோது ஊசியும் என்னோடு வந்தது.
எப்படி என்று கேட்காதீர்கள்.

இங்கேயே நிறுத்தினால்
சந்தை வாழ்க என்று போட்டுவிடலாம்.
விலை விழுந்த வருஷம்
மலைக்கு வந்தது ஒரே லாரி.
ஒண்டிக்கடை குணசீலன்.
பூ பூக்கும் முன்பே கடன்,
பழம் சிவக்கும் முன்பே விலை.
அவன் தம்பி பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றான்.
யாருக்கும் விற்கலாம், யாருக்கும் குத்தலாம்,
தடுக்க ஒரு கம்பம் இல்லை.
ஆனால் எடை போடும் தராசும்
ஓட்டுக் கேட்கும் வாயும்
ஒரே வீட்டில் சாப்பிட்டன.

ஓட்டுக்கு நாலு நாள் இருக்கும்போது
கோரிமேட்டில் என் வாசலில் காத்தாயி.
நரைத்த தலை, புது ரப்பர் செருப்பு.
"அந்த ஊசி இருக்கா?"
"எதுக்கு?"
"என் மூட்டையில கறுப்புக்கொட்டை கலப்புன்னு
வெலையக் கொறச்சுட்டான்.
தம்பிக்குக் குத்துனா சரி பண்றானாம்.
அவன் குடோன்ல, நாலு பேரு பாக்க,
நான் குத்தணும்."
கொடுத்தேன்.
ரசீது எழுதட்டுமா என்றேன், பழக்கதோஷம்.
அவள் சிரிக்கவில்லை.

ஓட்டு எண்ணி ஒரு வாரம் கழித்து
கண்டக்டர் ஒரு பொட்டலம் இறக்கிப் போனார்.
செய்தித்தாளில் சுற்றிய ஊசி. நுனி வளைந்திருந்தது.
பள்ளத்தில் ஒரு கொட்டை.
கறுப்பில்லை.
தம்பி என்ன ஆனான் என்று
தாளை நீவி நீவித் தேடினேன்.
அது போன மாசத்துத் தாள்.